முதல் ஸ்கேனில் தெரியாத ரத்தக்கட்டி இரண்டாவதில் எப்படித் தெரிந்தது?

கேள்வி

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் மரவள்ளியும் மஞ்சளும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. என் அம்மாவுக்கு 58 வயது, பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காட்டில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலும் கட்டிலிலேயே இருந்தார்.

மூன்றாவது வாரம் ஒருநாள் விடியற்காலையில் திடீரென்று மூச்சு வாங்கியது. மூச்சை இழுத்தால் வலது பக்க நெஞ்சில் குத்துவதாகச் சொன்னார். ஆபரேஷன் செய்த காலில் கெண்டைச் சதை வீங்கியிருந்தது. ஆபரேஷன் வீக்கம்தான் என்று விட்டுவிட்டோம். பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். நுரையீரல் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாளில் மூச்சு இன்னும் மோசமானது. வேறொரு டாக்டரிடம் போனோம். நாடித்துடிப்பு 118. அவர் காலைத் தொட்டுப் பார்த்தார்; உடனே வயிற்றில் ஓர் ஊசி போட்டுவிட்டு, சேலத்துக்கு அனுப்பினார். அங்கே கையில் மருந்து ஏற்றி இன்னொரு சி.டி. எடுத்தார்கள். இரண்டு பக்க நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் ரத்தக்கட்டி இருக்கிறது என்றார்கள். இப்போது அம்மா தினமும் மாத்திரை போடுகிறார், நடக்கிறார்.

எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. முதல் ஸ்கேனில் இல்லாத கட்டி இரண்டு நாளில் எப்படி வந்தது? ஸ்கேன் எடுக்கும் முன்பே ஊசி போட்டது அவசரம்தானே? சர்க்கரைக்காரருக்கு அந்த மருந்தை ஏற்றியது சிறுநீரகத்தைக் கெடுக்காதா? கட்டி கரைந்ததா என்று பார்க்க மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா? என் மாமனாருக்கு 64 வயது. முழு உடல் பரிசோதனை செய்தபோது டி-டைமர் 610 என்று வந்திருக்கிறது. அவருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமா?

– ஒரு வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்

சகோதரி, அம்மா எழுந்து நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நீங்கள் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஐந்துக்கும் அடிப்படை ஒன்றுதான். நோயாளியைத் தொட்டுப் பார்த்து, கதையைக் கேட்டு டாக்டர் மனதில் எழும் சந்தேகம் எவ்வளவு வலுவானது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேன் வேண்டுமா, எந்த ஸ்கேன், வந்த ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டி எங்கிருந்து வந்தது?

நுரையீரலில் அடைக்கும் ரத்தக்கட்டி பெரும்பாலும் அங்கே உருவாவதில்லை. கால் அல்லது இடுப்புப் பகுதியின் ஆழமான சிரைகளில் உறைகிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து, இதயத்தின் வலப் பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியில் சிக்குகிறது. இந்தப் பயணத்தை 1840-களிலேயே விளக்கியவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ. ரத்தம் ஓடாமல் தேங்குவது, ரத்தக் குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தத்துக்கே உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும்தான் கட்டிக்கு வழி என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரிலேயே படிக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு மூன்றுமே இருந்தன: கட்டிலோடு கிடந்தார், எலும்பு முறிவிலும் ஆபரேஷனிலும் திசுக்கள் காயப்பட்டன, அந்தக் காயத்தை ஆற்ற உடல் ரத்தத்தை உறைய வைக்கும் வேலையை முடுக்கியிருந்தது.

இது மேலைநாட்டு நோய், நம்மவர்களுக்கு வராது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அறுவை சிகிச்சை மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் மருத்துவமனைப் பதிவுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டார்கள். உள்நோயாளிகள் 10,000 பேருக்குச் சுமார் 17 பேரிடம் ஆழ்சிரை ரத்தக்கட்டி உறுதியாகியிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆபரேஷனே செய்துகொள்ளாதவர்கள். ஆக, நம் ஊரிலும் இந்த நோய் இருக்கிறது; தேடினால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டும் சி.டி.தான், ஆனால் ஒன்றல்ல

முதல் ஸ்கேன் எடுத்த அன்றே கட்டி இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். விடியற்காலையில் திடீரென்று வந்த மூச்சுத் திணறலும் குத்து வலியும் அதைத்தான் சொல்கின்றன. அந்த ஸ்கேனால் அதைக் காட்ட முடியவில்லை.

மருந்து ஏற்றாமல் எடுப்பதை பிளெயின் சி.டி. என்பார்கள். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் எடுத்த எச்.ஆர்.சி.டி.யும் அந்த வகைதான். நுரையீரல் திசுவில் சளியா, நிமோனியாவா, தழும்பா என்பதை அது மிக நன்றாகக் காட்டும். ஆனால் ஓடும் ரத்தமும் உறைந்த ரத்தமும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். வாணியாறு வாய்க்காலைக் கரையில் நின்று பார்த்தால் வாய்க்கால் இருக்கிறது என்று தெரியும். மதகுக்கு அந்தப் பக்கம் அடைத்திருக்கிறதா என்பது தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் தெரியும். பிளெயின் ஸ்கேனில் எப்போதாவது மறைமுகமான தடயம் கிடைக்கலாம். அது நார்மல் என்பதால் கட்டி இல்லை என்று மட்டும் சொல்லவே கூடாது.

சேலத்தில் எடுத்ததன் பெயர் சி.டி. பல்மோனரி ஆஞ்சியோகிராம். முழங்கை மடிப்புப் பக்கம் சற்றுப் பெரிய ஊசிக்குழாய் போட்டு, அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ஒரு நொடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் இயந்திரம் செலுத்தும். மருந்து நுரையீரல் தமனிக்கு வந்து சேரும் நேரத்தைக் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டே இருந்து, சரியான கணத்தில் படம் எடுக்கும். மூச்சைப் பிடித்திருக்க வேண்டிய நேரம் சில நொடிகள்தான். மருந்து கலந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியும். கட்டி இருக்கும் இடம் கருப்பாக நிற்கும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவதும், வாயில் உலோகச் சுவை தட்டுவதும், சிறுநீர் போய்விட்டதோ என்ற உணர்வு வருவதும் சகஜம். நேரம் தப்பினாலோ, நோயாளி இருமினாலோ, மூச்சு விட்டாலோ படம் கெட்டுவிடும். ரிப்போர்ட்டில் ‘படம் தெளிவில்லை’ என்று இருந்தால் அதைக் ‘கட்டி இல்லை’ என்று வாசிக்கக் கூடாது.

கட்டியைக் காட்டுவதோடு இந்த ஸ்கேன் இன்னொன்றும் சொல்லும். இதயத்தின் வலக் கீழறை இடக் கீழறையைவிடப் பெரிதாகியிருந்தால், அடைப்பின் சுமை இதயத்தில் விழுகிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்களைக் கூடுதல் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்த முறை வந்து வெகுகாலம் ஆகவில்லை. லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் முதல் நோயாளியைப் படம்பிடித்தது 1971-ல். இயந்திரம் சுழன்றுகொண்டே படம் எடுக்கும் நுட்பம் வந்த பிறகு, 1992-ல் பிரான்ஸின் லில் நகர மருத்துவர் மார்டீன் ரெமி-ஜார்தானும் அவருடைய குழுவும் நுரையீரல் கட்டியை இதில் காண முடியும் என்று காட்டினார்கள். அதற்கு முன் கட்டியை உறுதிசெய்ய பெரும்பாலும் தொடைச் சிரை வழியாக, இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனி வரை குழாயைச் செலுத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது டாக்டர் காலைத் தொட்டது ஏன்?

அந்த டாக்டர் செய்த முதல் வேலையே மிக முக்கியமான பரிசோதனை. சந்தேகத்தை அளக்கக் கனடாவின் ஃபிலிப் வெல்ஸ் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. காலில் ஆழ்சிரைக் கட்டியின் அடையாளம் இருந்தால் 3. வேறு நோயைவிட நுரையீரல் கட்டிக்கே வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் கருதினால் 3. நாடித்துடிப்பு 100-க்கு மேல் என்றால் 1.5. கடந்த நான்கு வாரத்தில் ஆபரேஷன், அல்லது மூன்று நாளுக்குக் குறையாத படுக்கை என்றால் 1.5. முன்பு கட்டி வந்திருந்தால் 1.5. இருமலில் ரத்தம் வந்தால் 1. புற்றுநோய் இருந்தால் 1. கூட்டுத்தொகை 4-க்கு மேல் போனால் கட்டி இருக்கும் வாய்ப்பு வலுவானது.

உங்கள் அம்மாவுக்குக் கூட்டிப் பாருங்கள்: வீங்கிய கால் 3, வேறு காரணம் பொருந்தவில்லை 3, நாடி 118-க்கு 1.5, ஆபரேஷனுக்கு 1.5. மொத்தம் 9. இப்படிப்பட்டவருக்கு டி-டைமர் ரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அது எப்படியும் கூடியிருக்கும். நேராகக் கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்கு அனுப்பியது சரி.

ஊசியை முன்னால் போட்டது அவசரமா?

அவசரம்தான், தேவையான அவசரம். அவர் வயிற்றுத் தோலுக்கடியில் போட்டது ஹெப்பாரின் வகை மருந்தாக இருக்க வேண்டும். அது பழைய கட்டியை உடைக்காது. கட்டி மேலும் வளர்வதையும் புதிதாக ஒன்று உருவாவதையும் தடுக்கும். பழையதை உடல் தானே கரைத்துக்கொள்ளும். முதல் அடைப்பில் தப்பிய பலரைக் கொல்வது அடுத்து வந்து அடைக்கும் கட்டிதான்.

இதற்கு ஆதாரம் 1960-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு. உறைவைத் தடுக்கும் மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் அந்தக் காரணத்தால் ஒருவரும் இறக்கவில்லை. அதற்கு மேல் மருந்து கொடுக்காமல் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை என்று ஆய்வை அப்படியே நடத்துவதை நிறுத்தினார்கள். அப்போது சி.டி. ஸ்கேனே கிடையாது. சந்தேகத்தின் பேரில் கொடுத்த மருந்துதான் உயிர்களைக் காப்பாற்றியது.

சந்தேகம் வலுவாக இருந்து, ரத்தக்கசிவுக்கு வெளிப்படையான ஆபத்தும் இல்லையென்றால், ஸ்கேனுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்றுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. மஞ்சவாடி கணவாயைத் தாண்டிச் சேலம் போய், பதிவு செய்து, ரத்தம் பரிசோதித்து, ஸ்கேன் அறைக்குள் நுழைவதற்குள் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை நேரமும் அம்மாவுக்கு அந்த ஊசிதான் காவல். உங்கள் டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மாமனாரின் டி-டைமர்

அவருக்கு ஸ்கேன் வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம் எதுவும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையே எடுத்திருக்க வேண்டியதில்லை.

உடலில் எங்கே ரத்தம் உறைந்து கரைந்தாலும் டி-டைமர் கூடும். காய்ச்சல், காயம், கர்ப்பம், புற்றுநோய், முதுமை எல்லாவற்றிலும் கூடும். அதனால் கூடியிருப்பதை வைத்துக் கட்டி இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதன் உண்மையான பயன் மறுபக்கத்தில் இருக்கிறது: சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு டி-டைமரும் குறைவாக இருந்தால், கட்டி இல்லையென்று ஸ்கேன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். 2006-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் இப்படி அனுப்பப்பட்டவர்களில் அடுத்த மூன்று மாதத்தில் கட்டி கண்டறியப்பட்டது 200-க்கு ஒருவரிடம்தான்.

வழக்கமான வரம்பு 500. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்று 2014-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்தக் கணக்கில் 64 வயது மாமனாரின் வரம்பு 640. அவருடைய 610 அதற்குள்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆய்வகங்கள் இரண்டு அளவுமுறைகளைப் பயன்படுத்துகின்றன; ஒன்றில் வரம்பு 500, மற்றதில் ஏறக்குறைய 250. நான் சொன்ன கணக்கு முதல் முறைக்கு. ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். எந்த முறையானாலும், எந்தத் தொல்லையும் இல்லாத மாமனாருக்கு ஸ்கேன் தேவையில்லை.

ஸ்கேனை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாக அளந்தது. கட்டி உள்ள 100 பேரில் 83 பேரிடம் ஸ்கேன் அதைக் கண்டுபிடித்தது. கட்டி இல்லாத 100 பேரில் 96 பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்றது. இன்றைய இயந்திரங்கள் அப்போதையவற்றைவிட நுட்பமானவை. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரின் சந்தேகமும் வலுவாக இருந்து ஸ்கேனும் ‘உண்டு’ என்றபோது 100-க்கு 96 சரியாக இருந்தது. சந்தேகம் மிகக் குறைவாக இருந்தும் எடுத்த ஸ்கேன் ‘உண்டு’ என்றபோது 58 மட்டுமே சரி. சந்தேகம் வலுவாக இருந்தும் ஸ்கேன் ‘இல்லை’ என்றபோது 60 மட்டுமே சரி. அந்த நிலையில் காலுக்கு டாப்ளர் (சிரைகளின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்துப் பார்ப்பது போன்ற அடுத்த படிக்குப் போக வேண்டும்.

தேவையில்லாதவருக்கு எடுப்பதில் வேறொரு தீமையும் உண்டு. அமெரிக்காவில் இந்த ஸ்கேன் பரவிய பிறகு, 1998 முதல் 2006 வரை, நுரையீரல் கட்டி என்று கண்டறியப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு 62-லிருந்து 112 ஆக உயர்ந்தார்கள். ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியே நின்றது. தானே கரைந்து போயிருக்கக்கூடிய நுண்ணிய கட்டிகளும் கண்ணில் பட்டு, பலர் ரத்தக்கசிவு ஆபத்துள்ள மாத்திரைகளைச் சுமக்க நேர்ந்தது.

சிறுநீரகமும் கதிர்வீச்சும்

சிறுநீரகம் சரியாக வேலை செய்கிற சர்க்கரைக்காரருக்குக் கான்ட்ராஸ்ட் மருந்தால் கெடுதல் வருவது அரிது. அதற்காகத்தான் ஸ்கேனுக்கு முன் ரத்தத்தில் க்ரியாட்டினின் பார்க்கிறார்கள். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்கள் மெட்ஃபார்மின் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்த வேண்டியிருக்கும். அதை ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே சொல்லுவார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு இதே மருந்து ஏற்றித் தடிப்போ மூச்சிறைப்போ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பது இந்த ஸ்கேனுக்குத் தடை இல்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் க்ரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவும் கூடாது.

இந்த ஸ்கேனில் உடலில் படும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாக ஓரிரு ஆண்டுகளில் கிடைக்கும் அளவுதான். 58 வயதில், இத்தனை வலுவான சந்தேகத்தின் முன்னால் அது பெரிதே இல்லை. இளம்பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் யோசித்து எடுப்போம். கர்ப்பிணிக்குக் கால் வீங்கியிருந்தால் முதலில் டாப்ளர். அதில் கட்டி தெரிந்தால் அங்கேயே மருந்தைத் தொடங்கிவிடலாம். தேவைப்பட்டால் அவர்களுக்கும் சி.டி. எடுக்கத் தயங்கக் கூடாது. வயிற்றில் உள்ள குழந்தைக்குப் போகும் கதிர் மிகச் சொற்பம். தாயின் கட்டியைக் கவனிக்காமல் விடுவதுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

மறுபடி ஸ்கேன் வேண்டுமா?

அம்மா நன்றாக இருந்தால் வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். ஆபரேஷன் என்ற தெளிவான காரணத்தால் வந்த கட்டி என்பதால், மூன்று மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் நிறுத்திவிடலாம். அதையும் டாக்டரே சொல்லட்டும். மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மூட்டு வலிக்கு என்று கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்தும் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் இதயத்துக்கு எக்கோவும், நுரையீரலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் வேறு வகை ஸ்கேனும் தேவைப்படும். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகித் தங்கிவிடும். அதற்கும் சிகிச்சை உண்டு.

இனி உங்கள் ஊரில் யாருக்கேனும் நேர்ந்தால்

எலும்பு முறிவு, ஆபரேஷன், பிரசவம், நீண்ட படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அதோடு திடீர் மூச்சுத் திணறல், குத்தும் நெஞ்சு வலி, மயக்கம், இருமலில் ரத்தம் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.டி. வசதி உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஆனால் மலையேறும் முன் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் காட்டி, ஊசி போட வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

டாக்டரிடம் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்லுங்கள்: ஆபரேஷன் நடந்த தேதி, எந்தக் கால் எப்போது வீங்கியது, மூச்சுத் திணறல் எந்த நேரத்தில் தொடங்கியது. பழைய ஸ்கேன் இருந்தால், ‘இது மருந்து ஏற்றி எடுத்ததா?’ என்று கேளுங்கள். அடுத்து உங்கள் வீட்டில் யாருக்கு எலும்பு ஆபரேஷன் நடந்தாலும், வீட்டுக்கு வரும் முன்பே, ‘ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டா, எத்தனை நாள்? காலை எப்போதிலிருந்து அசைக்கலாம், எப்போது நடக்க வைக்கலாம்?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் எழுதியதை அப்படியே செய்தால், இத்தகைய கட்டிகளில் பெரும்பகுதியை வராமலே தடுத்துவிட முடியும்.